ஓடாத சொகுசு காரை வானொலிக்குக் கொடுத்த அனுபவம்

கலிபோர்னியாவில் பழைய காரை நன்கொடையாகக் கொடுத்தால் வரியில் பெரிய தொகை மிச்சமாகும் என்று யாராவது சொன்னால் பாதியை மட்டும் நம்புங்கள். கொடுப்பது எளிது, மிச்சமாவது சொற்பம். நடுவில் பலரும் அலட்சியமாக விட்டுவிடும் ஒரு படிவம் இருக்கிறது. என் அனுபவத்தில் எல்லாவற்றையும்விட முக்கியமானது அதுதான்.

எங்களுடையது 2003 மாடல் ஜெர்மன் செடான். எட்டு சிலிண்டர், தோல் இருக்கைகள், காற்றில் மிதக்கும் சஸ்பென்ஷன். மூன்றாம் கைக்கு வந்த வண்டி என்பதால் மலிவாகக் கிடைத்தது. உதிரி பாகங்களின் விலை மட்டும் முதல் கைக்கும் மூன்றாம் கைக்கும் ஒன்றுதான். இரவில் நிமிர்ந்து நின்ற கார் காலையில் சக்கரங்களின் மேல் குந்தி உட்கார்ந்திருக்கும். மெக்கானிக் எழுதிக் கொடுத்த மதிப்பீடு காரின் விலையைத் தாண்டியது.

விற்கவும் பார்த்தோம். இங்கே தனியாருக்கு விற்பவர்தான் புகைச் சோதனைச் சான்றிதழ் தர வேண்டும்; எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரியும் வண்டிக்கு அது கிடைக்காது. வந்து பார்த்தவர்கள் உள்ளே உட்கார்ந்து ரசித்துவிட்டு, வெளியே வந்து டயருக்கு மேலே இடைவெளியே இல்லாததைக் கண்டதும் கிளம்பிவிட்டார்கள். “ஏங்க, ஒன்று ஓட்டுங்கள், இல்லையென்றால் அனுப்பிவிடுங்கள். என் கார் வெயிலில் காய்கிறது” என்றாள் மனைவி.

தினமும் கேட்கும் கே.க்யூ.இ.டி. பொது வானொலிக்கே கொடுப்பது என்று முடிவு செய்தோம். வேறு அமைப்பு என்றால் முதலில் கூட்டரசு வரித் துறையான ஐ.ஆர்.எஸ். தளத்தில் அதன் பெயரைத் தேடிப் பாருங்கள். வரிவிலக்கு பெற்ற அமைப்பா என்பது உடனே தெரியும். பொதுவாக வானொலி நிலையங்களோ கோயில்களோ காரைத் தாங்களே விற்பதில்லை. இடையில் ஒரு நிறுவனம் வண்டியை எடுத்துச் சென்று ஏலத்தில் விற்று, தன் செலவையும் பங்கையும் கழித்துக்கொண்டு மீதியைத் தரும். இதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் நல்ல நிலையில் ஓடும் காரை வைத்திருப்பவர் தானே விற்றுப் பணத்தைக் கொடுத்தால் அந்த அமைப்புக்குக் கூடுதலாகப் போய்ச் சேரும்.

தொலைபேசியில் கேட்ட கேள்விகள் எளியவை: ஓடுகிறதா, சாவி இருக்கிறதா, டயரில் காற்று இருக்கிறதா, டைட்டில் என்னும் உரிமைப் பத்திரம் கையில் இருக்கிறதா? டைட்டிலில் இருவர் பெயர் ‘அண்ட்’ என்று இணைந்திருந்தால் இருவரும் கையெழுத்திட வேண்டும். ‘ஆர்’ என்றிருந்தால் ஒருவர் போதும். வங்கியின் பெயர் இன்னும் அதில் இருந்தால் கடன் தீர்ந்ததற்கான விடுவிப்பை முதலில் வாங்க வேண்டும். அடித்தல் திருத்தல் கூடவே கூடாது.

வண்டி போவதற்கு முன் காலி செய்ய வேண்டியவை நாம் நினைப்பதைவிட அதிகம். கண்ணாடிக்கு அருகே கராஜ் கதவைத் திறக்கும் பொத்தான்கள் இருந்தன. இரு ஓரப் பொத்தான்களையும் விளக்கு மின்னும்வரை அழுத்திப் பிடித்து நினைவை அழித்தேன். இல்லையென்றால் ஏலத்தில் எடுப்பவருக்கு நம் வீட்டுக் கதவும் இலவசம். டிக்கியில் இருந்த சி.டி. பெட்டி, பேட்டரி செத்துப்போனதால் திறக்க மறுத்தது. பக்கத்து வீட்டுக்காரரின் காரிலிருந்து கேபிள் போட்டு மின்சாரம் கொடுத்த பிறகுதான் இளையராஜா வெளியே வந்தார்.

இழுவை வண்டி ஓட்டுநர் குனிந்து ஒரு பார்வை பார்த்தார். எதுவும் பேசாமல் தன் வண்டியிலிருந்து மரப்பலகைகளை எடுத்துச் சக்கரங்களுக்கு முன்னால் போட்டார். அவை இல்லாவிட்டால் முன் பம்பர் சரிவில் இடித்திருக்கும். வண்டி தாழ்ந்து கிடக்கிறது என்பதைப் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுவது நல்லது.

இனி அந்தப் படிவம். கலிபோர்னியாவில் சாதாரண எண் பலகை காரோடுதான் போகும். அதனால் உரிமை மாறிய ஐந்து நாட்களுக்குள், வண்டி இனி நம் பொறுப்பில் இல்லை என்று சொல்லும் பொறுப்பு விடுவிப்பு அறிவிப்பை மாநில வாகனத் துறையான டி.எம்.வி.க்குக் கொடுக்க வேண்டும். ரெஜ் 138 என்பது அதன் எண். இணையத்திலேயே முடிந்துவிடும். வந்த உறுதிச் சீட்டை அச்சிட்டு வைத்தேன், பாலச் சுங்கம் கட்டும் ஃபாஸ்ட்ராக் கணக்கிலிருந்தும் அந்த எண்ணை நீக்கினேன். அதன் பிறகுதான் காப்பீட்டை ரத்து செய்தேன்.

வரிக்கு வருவோம். ஒரு காலத்தில் பழைய கார்களின் விலைப் புத்தகம் சொல்லும் தொகையை அப்படியே வரிக் கழிவாக, அதாவது வரிக்குரிய வருமானத்திலிருந்து கழிக்கும் தொகையாக, எழுதிக்கொள்ளலாம். அமெரிக்கக் காங்கிரஸின் தணிக்கை அலுவலகம் 2003இல் 54 நன்கொடைகளைத் துருவியபோது, மூன்றில் இரண்டு பங்கில் கொடுத்தவர் காட்டிய மதிப்பில் 5 சதவீதமோ அதற்கும் குறைவோதான் அமைப்புக்குக் கிடைத்திருந்தது. 2004இல் சட்டம் இறுகியது. இப்போது 500 டாலருக்கு மேல் விற்றால், விற்ற தொகைதான் நம் கழிவுக்கு உச்சவரம்பு. அமைப்பே காரைத் தன் பணிக்குப் பயன்படுத்தினாலோ, பெரிய அளவில் பழுதுபார்த்தாலோ, ஏழைக் குடும்பத்துக்குக் குறைந்த விலையில் கொடுத்தாலோதான் சந்தை மதிப்பைக் காட்ட முடியும்.

விற்ற 30 நாட்களுக்குள் கார் நன்கொடைக்கான சான்றான 1098-சி படிவம் வர வேண்டும், வந்தது. விற்ற தொகையைக் காட்டும் 4சி கட்டத்தில் 1,150 டாலர் என்றிருந்தது. விலைப் புத்தகம் 3,000க்கு மேல் சொல்லியிருந்தது. அது ஓடும் காருக்கு. வேடிக்கை என்னவென்றால், இடைநிறுவனம் தன் பங்கைக் கழிப்பதற்கு முந்தைய மொத்தத் தொகை இது. வானொலிக்குக் கிடைத்தது இதைவிடக் குறைவு, ஆனாலும் என்னால் முழுவதையும் காட்ட முடிந்தது.

எங்கள் வரி விகிதமான 24 சதவீதத்தில் கூட்டரசு வரியில் மிச்சமானது 276 டாலர். அதுவும் வீட்டுக் கடன் வட்டி இருப்பதால் நாங்கள் செலவுகளை வகைவகையாகக் காட்டுகிறோம் என்பதால்தான். அப்படிக் காட்டாதவர்கள் எடுத்துக்கொள்வது நிலையான கழிவு; 2024க்குத் தம்பதிக்கு அது 29,200 டாலர். அதை எடுத்துக்கொள்ளும் வாடகை வீட்டு நண்பருக்கு இந்த நன்கொடையால் கூட்டரசு வரியில் ஒரு சென்ட் கூடக் குறையாது. நன்கொடைக் கழிவு 500 டாலரைத் தாண்டினால், பணமல்லாத நன்கொடைகளுக்கான 8283 படிவமும் சேர்க்க வேண்டும்.

கார் போய்ப் பல வாரங்கள் கழித்து வீட்டுக்கு ஒரு பாலச் சுங்க அறிவிப்பு வந்தது. சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதிப் பாலங்களில் காசு வாங்க ஆள் இல்லை. கேமரா எண் பலகையைப் படம் பிடித்து, பதிவில் இருப்பவருக்கு அனுப்பிவிடும். ஏலத்தில் எடுத்தவர் சஸ்பென்ஷனைச் சரி செய்துவிட்டார் போலிருக்கிறது. படத்தில் கார் நிமிர்ந்து ஓடிக்கொண்டிருந்தது. பெயரை மட்டும் இன்னும் மாற்றவில்லை. உறுதிச் சீட்டின் நகலை இணைத்து ஆட்சேபம் அனுப்பினேன். என் பெயரிலிருந்த தொகையை ரத்து செய்துவிட்டார்கள்.