கம்பங்கூழ் கசக்காமல் இருக்க

கம்பு மாவைப் பாக்கெட்டில் வாங்காதீர்கள். கம்பில் சுமார் 5 சதவீதம் கொழுப்பு உண்டு, அரிசியைவிட மிக அதிகம். அரைத்து வைத்தால் அந்தக் கொழுப்பு கெட்டுச் சிக்கு வாடை அடித்து, சில நாளிலேயே மாவு கசந்துவிடும். இயற்கை விவசாயக் கம்பாக இருந்தாலும் இதேதான். பலரும் கம்பையே வெறுக்க இந்தப் பழைய மாவுதான் காரணம்.

முழுத் தானியமாக வாங்குங்கள். இயற்கை விவசாயக் கம்பு வேண்டுமென்றால், அதற்கான சான்று முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். வெயிலில் காயவைத்து, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். இல்லையென்றால் வண்டு வரும்.

ஒரு கப் கம்பில் தண்ணீர் தெளித்துப் பிசிறி, 15 நிமிடம் ஊறவிட்டு, மிக்சியில் விட்டு விட்டுச் சுற்றுங்கள். உமி கழன்றதும் புடைத்து, ரவையாக உடையுங்கள். நாலு கப் தண்ணீரில் முதலில் ரவையைக் கரைத்துவிட்டு, பிறகு அடுப்பில் ஏற்றுங்கள். கொதிநீரில் கொட்டினால் கட்டி தட்டும். சிறுதீயில் அரை மணி நேரம் கிளறுங்கள். ஈரக்கையால் தொட்டால் ஒட்டக்கூடாது. ஒட்டினால் இன்னும் வேகவில்லை.

ஆறியதும் உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்டு, இரவு மூடி வையுங்கள். காலையில் மோர், உப்பு, சின்ன வெங்காயம் சேர்த்துக் கரைக்கலாம். கோடையில் அன்றே குடித்துவிட வேண்டும்.

தைராய்டு குறைபாடு உள்ளவர்கள் தினமும் குடிப்பதற்கு முன் மருத்துவரிடம் கேளுங்கள். அயோடின் பயன்பாட்டைத் தடுக்கும் பொருள்கள் கம்பில் உண்டு.