மானுக்குச் சோறு வேண்டாம், பாத்திக்கு வேலி போடுங்கள்

சென்னை ஐஐடி வளாகத்துக்குள் குடியிருக்கிறோம். இங்கே புதிதாக வருகிறவர்கள் வாசலில் புள்ளிமானைப் பார்த்ததும் மெய்மறந்து, கைக்குக் கிடைத்ததைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். பிஸ்கட், சப்பாத்தி, மீந்த சாதம். கொஞ்ச நாளில் செம்பருத்தி மொட்டையாகி நிற்கும். அப்போது அதே மானை விரட்டக் கம்பு தேடுவார்கள். இரண்டும் வேண்டாம் என்பதுதான் என் கட்சி. காய்கறிப் பாத்திக்கு ஒழுங்கான வேலி போட்டுவிட்டு, மானை அதன் பாட்டுக்கு விட்டுவிடுங்கள்.

இது மானின் இடம். 1959-ல் ஐஐடி தொடங்கியபோது கிண்டிக் காட்டிலிருந்து எடுத்துக் கொடுத்த நிலம். ஒட்டியிருக்கும் தேசியப் பூங்கா 270 ஹெக்டேர்தான், சுற்றிலும் நகரம். "காட்டுக்குள் துரத்திவிட்டால் என்ன?" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது, துரத்திவிட வேறு காடு இல்லை.

சரி, பசிக்கு ஒரு பிடி சோறு வைத்தால் என்ன? மான் அசைபோடும் பிராணி. அதன் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் புல்லுக்கும் இலைக்கும் பழகியவை. திடீரென்று சாதமும் ரொட்டியும் நிறையப் போனால் உள்ளே வேகமாகப் புளித்து அமிலம் ஏறிவிடும். வயிறு உப்பும், கழியும், உயிரே போகலாம். மாடு வளர்த்தவர்களுக்கு இது புதிதில்லை. கல்யாண வீட்டில் மீந்த சோற்றை அள்ளி வைத்துவிட்டு, மறுநாள் எழுந்திருக்காத மாட்டுக்கு டாக்டரைத் தேடி ஓடிய கதை எல்லா ஊரிலும் உண்டு.

அதைவிட என்னை வதைப்பது பிளாஸ்டிக். ஒருநாள் காலை குப்பைத் தொட்டியோரம் ஒரு பெண்மான் எதையோ மென்றுகொண்டிருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால் சாம்பார் ஒட்டிய கேரி பேக். கைப்பிடிக் காது மட்டும் வாய்க்கு வெளியே ஆடிக்கொண்டிருந்தது. நான் இன்னும் இரண்டு எட்டு வைப்பதற்குள் தலையைத் தூக்கி அதையும் உள்ளே இழுத்துக்கொண்டது. முதலில் அவசரமாக விழுங்கிவிட்டு அப்புறம் நிதானமாக அசைபோடுவதுதான் மானின் வழக்கம். உப்பும் எண்ணெயும் மணக்கும் பை அதற்குத் தீனிதான். அந்தப் பை கீழே இறங்காது, செரிக்கவும் செரிக்காது. ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்ந்து வயிறு நிறைந்த மாதிரியே இருக்கும். மான் மேய்வதைக் குறைத்து, மெலிந்து, செத்துப்போகும். இந்தப் பகுதியில் இறந்த மான்களை அறுத்துப் பார்த்தபோது கிலோக் கணக்கில் பிளாஸ்டிக் எடுத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரியிலிருந்து கேரி பேக்குக்குத் தடை இருக்கிறது. ஆனாலும் மீந்த உணவைப் பையில் முடிந்து வெளியே வைக்கும் பழக்கம் போகவில்லை.

பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு இதெல்லாம் பிடிக்காது. "பாவம்மா, வாயில்லா ஜீவன். வாசலில் வந்து நிக்கிறதை வெறும் வாயோட அனுப்பச் சொல்றியா?" என்பார். அவர் மனசு எனக்குப் புரிகிறது. ஆனால் கையில் வாங்கித் தின்று பழகிய மான் மனுஷனைக் கண்டு ஒதுங்காது, வண்டிக்கும் ஒதுங்காது. தெருநாய்கள் சுற்றும் இடத்துக்குத் தைரியமாக வரும். கொம்பு முற்றிய கிடா ஒன்று, பிஸ்கட் பாக்கெட்டோடு நிற்கும் குழந்தையிடம் நேராகப் போனதைப் பார்த்திருக்கிறேன். "பாட்டி, அது பசியில வரல, பழக்கத்துல வருது" என்று சொல்லிக்கொண்டேதான் இருக்கிறேன்.

இனி வேலி. மான் என்றால் தாவும் என்று எல்லோரும் உயரத்தையே யோசிக்கிறார்கள். புள்ளிமான் தாவும்தான். ஆனால் முடிந்தவரை வேலிக்கு அடியில் நுழைந்து போகத்தான் பார்க்கும். அதனால் கம்பி வலையின் அடிப்பகுதியை ஒரு முழம் மண்ணுக்குள் புதைத்துவிடுங்கள். ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே இருந்தால் போதும். தொளதொளவென்று நைலான் வலை மட்டும் கட்டவே கட்டாதீர்கள். கிடாவின் கொம்பு அதில் மாட்டினால், உதற உதற இறுகும். முள்கம்பியும் வேண்டாம். வலை எதுவானாலும் விறைப்பாக இழுத்துக் கட்டியிருக்க வேண்டும். பழைய சேலையை வேலியில் கட்டுவதும், ஃபினாயில் தெளிப்பதும் கொஞ்ச நாள்தான் பலிக்கும், அப்புறம் மானுக்குப் பழகிவிடும்.

வெண்டையும் கீரையும் முருங்கைக் கன்றும் என் வேலிக்கு உள்ளே. வெளியே நொச்சியும் ஆடாதொடையும் துளசியும். இவற்றின் வாடைக்கு எங்கள் பக்கம் மான்கள் வாய் வைப்பதில்லை.

கொடுத்தே ஆக வேண்டும் என்று தோன்றினால் புல்லை விட்டுக்கொடுங்கள். மழைக்குப் பிறகு முளைக்கும் இளம்புல்தான் புள்ளிமானுக்கு விருந்து. நாமோ அது முழங்கால் உயரம் வருவதற்குள் ஆளைக் கூப்பிட்டு மொட்டையடித்துவிடுகிறோம். பாம்புக்குப் பயப்படுகிறவர்கள் வீட்டைச் சுற்றியும் நடைபாதையிலும் மட்டும் வெட்டிக்கொள்ளுங்கள். மதில் ஓரத்தை அப்படியே விட்டுவிடச் சொல்லுங்கள். புல்வெட்டுகிற அண்ணனிடம் முன்கூட்டியே சொன்னால் போதும், அவருக்கும் வேலை மிச்சம்.