ஒன்பது நாள் முன்பு பதிந்த கேசட்

ஞாயிறு ஆராதனையில் கீபோர்டு வாசிக்கிறவன் நான். 'ஆசம் காட்' பாடலை எத்தனை முறை வாசித்திருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. யார் எழுதியது என்று நெடுநாள் கேட்டதுகூட இல்லை. 1988-இல் அமெரிக்கக் கிறிஸ்தவப் பாடகர் ரிச் மல்லின்ஸ் வெளியிட்ட பாட்டு அது. அவர் ஏறக்குறைய பேச்சாகவே சொல்லிப்போகும் சரணங்களை விட்டுவிட்டுப் பல்லவியை மட்டும் எல்லோரும் பாடுகிறோம். உண்மையைச் சொன்னால், அவருடைய பாடல்களில் எனக்கு அவ்வளவாக ஒட்டாதது அதுதான்.

ஒட்டியது வேறு. 'காலிங் அவுட் யுவர் நேம்' தொடங்கும்போது ஹேமர்டு டல்சிமர் கேட்கும். நம் சந்தூருக்கு உறவுக்காரக் கருவி. பெட்டியின் மேல் இழுத்துக் கட்டிய தந்திகளைச் சிறு சுத்திகளால் தட்டி வாசிப்பார்கள். அதைக் கேட்ட அன்று நான் கீபோர்டில் கைவைக்கவே இல்லை.

மல்லின்ஸ் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்துக்காரர், 1955-இல் பிறந்தவர். முதலில் வெளியே தெரிந்தது அவர் எழுதிய பாட்டுதான்: 1982-இல் கிறிஸ்தவப் பாடகி ஏமி கிராண்ட் தம் 'ஏஜ் டு ஏஜ்' ஆல்பத்தில் அவருடைய பாடல் ஒன்றைப் பாடினார். பிறகு இவரே பாடகரானார், பணமும் வந்தது. ஆனால் அந்தக் கணக்கைச் சபை மூப்பர்களிடம் விட்டுவிட்டார். ஒரு சாதாரணத் தொழிலாளியின் ஆண்டுச் சம்பளம் எவ்வளவோ அவ்வளவுதான் அவர் கைக்கு, மீதி தர்மத்துக்கு. மொத்தம் எவ்வளவு வருகிறது என்று தமக்குச் சொல்லவே வேண்டாம் என்றாராம். எனக்கு அந்தத் துணிவு கிடையாது. மாதக் கடைசியில் வங்கிக் கணக்கை இரண்டு முறை திறந்து பார்க்கிற ஆள் நான்.

நாற்பதை நெருங்கும் வயதில், பெயர் பெற்ற பிறகு, கான்சாஸ் மாநிலத்தின் விச்சிட்டா நகரில் கல்லூரிக்குப் போய் இசைக் கல்வியில் பட்டம் வாங்கினார். 1995-இல் அமெரிக்கப் பழங்குடியினரான நவாஹோ மக்கள் வாழும் பகுதிக்குக் குடிபோய்ப் பிள்ளைகளுக்கு இசை கற்பித்தார்.

1997 செப்டம்பர் 19 அன்று ஒரு கச்சேரிக்காக விச்சிட்டாவை நோக்கிப் போகும் வழியில், இல்லினாய்ஸில் அவருடைய ஜீப் கவிழ்ந்தது. அதில் இறந்துபோனார். வயது 41.

அதற்கு ஒன்பது நாள் முன்னால், ஆள் புழங்காத ஒரு பழைய தேவாலயத்தில் உட்கார்ந்து, அடுத்த ஆல்பத்துக்கான பாடல்களைச் சாதாரணக் கேசட்டில் பாடிப் பதிந்து வைத்திருந்தார். 1998-இல் 'தி ஜீசஸ் ரெக்கார்ட்' இரண்டு தட்டுகளாக வந்தது. ஒன்றில் அவருடைய குழுவும் நண்பர்களும் முறையாகப் பாடியவை. ஏமி கிராண்டும் அதில் உண்டு. மற்றொன்றில் அந்தக் கேசட் அப்படியே. நான் முதல் தட்டை இரண்டு முறை கேட்டிருப்பேன். இரண்டாவதைத்தான் திரும்பத் திரும்பப் போடுகிறேன். நாடாவின் இரைச்சலும் வெற்றுச் சுவரின் எதிரொலியும் கேட்கும், குரல் பிசிறும். 'ஹார்ட் டு கெட்' என்ற பாட்டில் கடவுளிடம் நேருக்கு நேர் குறைப்படுகிறார்: இங்கே எங்கள் பாடு என்னவென்று உமக்கு நினைவிருக்கிறதா என்கிற தொனி. பைபிளின் சங்கீதப் புத்தகத்தில் தாவீது கேட்காததா?

அதை ஆராதனையில் பாடலாமா என்று எங்கள் குழுவில் ஒருமுறை கேட்டேன். சபையார் சங்கடப்படுவார்கள் என்றார்கள். சரி என்று விட்டுவிட்டேன். காணிக்கை எடுக்கும்போது மட்டும், வார்த்தை இல்லாமல், அதன் மெட்டை மெல்ல வாசிக்கிறேன். இதுவரை யாரும் திரும்பிப் பார்த்ததில்லை.