பதிவான அறை காலியாகக் கிடந்தது

எங்கள் கல்லூரி நூலகத்தின் மாடியில் குழுவாக உட்கார்ந்து படிக்க ஆறு அறைகள் உண்டு. யாருக்கு எப்போது என்பதற்கு ஒரு நீள நோட்டு, நூல் கட்டித் தொங்கவிட்ட பேனா. தேர்வு நெருங்கினால் காலையிலேயே நோட்டு நிரம்பிவிடும். பதினொரு மணிக்குப் போய்ப் பார்த்தால் இரண்டு மூன்று அறைகளில் ஆளே இருக்காது. வெளியே வராண்டாவில் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பார்கள். அதைப் பார்த்துப் பார்த்துத்தான், போனிலேயே அறையைப் பதிவு செய்யும் ஏற்பாட்டை இறுதியாண்டு ப்ராஜெக்டாக மூன்று பேர் எடுத்தோம்.

முதல் சிக்கல், ஒரே நேரத்தில் இரண்டு பேர் அழுத்தினால் இருவருக்குமே அறை கிடைத்தது. காலியா என்று பார்ப்பதற்கும் பதிவு செய்வதற்கும் நடுவில் இன்னொருவர் நுழைந்துவிடுகிறார். இதை போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்திடமே விட்டோம். எக்ஸ்க்ளூஷன் கன்ஸ்ட்ரெயின்ட் என்ற தடை விதியைப் போட்டுவிட்டால், நேரம் மோதும் இரண்டாவது பதிவை அதுவே மறுத்துவிடும். தொடங்கும் மணி சேரும், முடியும் மணி சேராது என்று வைக்க வேண்டும். இல்லாவிட்டால் 10-11ம் 11-12ம் மோதுவதாகச் சொல்லும்.

சரி, பதிவு செய்துவிட்டு வராதவர்களை என்ன செய்வது? 15 நிமிடத்துக்குள் கதவில் ஒட்டிய க்யூஆரை ஸ்கேன் செய்யாவிட்டால் அறை அடுத்தவருக்கு என்றோம். அதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, கேன்டீனில் இருந்தபடியே ஸ்கேன் செய்தார்கள். அப்புறம்தான் ஆள் நடமாட்டம் அறியும் பிஐஆர் சென்சாரை மாட்டினோம்.

மூன்றாம் நாள் மதியம் இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி வந்து, "அண்ணா, நான் உள்ளேதான் இருக்கேன். ரூம் காலின்னு வேற ஆளுங்க வந்து நிக்கிறாங்க" என்றாள். மேசையில் விரித்த நோட்டில் பக்கம் பக்கமாகக் கணக்கு. தலை குனிந்தபடி அரை மணி நேரமாகப் போட்டிருக்கிறாள். பேனா மட்டும்தான் அசைந்திருக்கிறது. பிஐஆருக்கு உடல் வெப்பம் இடம் மாறினால்தான் தெரியும். ஆழ்ந்து படிப்பவர்தான் அதன் கணக்கில் இல்லாதவர். அன்றைக்கு எனக்கு நிஜமாகவே மனசு கஷ்டமாகிவிட்டது.

பிறகு, ரேடியோ அலையை அனுப்பி அது திரும்பி வருவதை வைத்து அசைவை அறியும் 24 கிகாஹெர்ட்ஸ் ரேடார் சென்சாருக்கு மாறினோம். மூச்சு விடும்போது நெஞ்சு ஏறி இறங்குவதைக்கூட அது பிடித்துவிடும். ஆனால் சுற்றும் சீலிங் ஃபேனையும் ஆள் என்றது. மெல்லிய தடுப்புக்கு அந்தப் பக்கம் இருப்பவரையும் எண்ணியது. அது பார்க்கும் தூரத்தைக் குறைத்து, மேசை மட்டத்துக்குக் கீழே இறக்கி மாட்டிய பிறகுதான் அடங்கியது. விதியையும் மாற்றினோம்: சென்சார் காலி என்று சொன்னாலும் உடனே அறையைப் பறிக்காது; "இருக்கிறீர்களா?" என்று போனில் கேட்டு 10 நிமிடம் காத்திருக்கும்.

பழைய நோட்டை எடுத்துவிட நூலகர் மேடம் சம்மதிக்கவில்லை. ஸ்மார்ட்போன் இல்லாத பிள்ளைகள் அதில்தான் எழுதுகிறார்கள். அவரே கணினியில் ஏற்றிவிடுகிறார். அந்த அறைகளுக்கு மட்டும் வாட்ச்மேன் அண்ணா போய்க் கதவைத் தட்டி, இருக்கிறீர்களா என்று கேட்டு வருகிறார்.