நிரைகளுக்கு நடுவே மின்கோவ்ஸ்கி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டை ஒட்டிய தோட்டத்தில் நான் பிறந்தபோது சுற்றிலும் ரப்பர் மரங்கள் இருந்தன. இன்று அதே மண்ணில் செம்பனை நிற்கிறது. ஒன்பது மீட்டர் இடைவெளியில் முக்கோண முறையில் நட்டால், ஒரு மரத்துக்குச் சுமார் 70 சதுர மீட்டர் நிலம் கிடைக்கும். ஏதேனும் ஒரு மரத்தை மையமாகக் கொண்டு, எந்தத் திசையில் எவ்வளவு நீள்கிறதோ எதிர்த்திசையிலும் அவ்வளவே நீள்கிற, உட்குழிவு இல்லாத ஒரு வடிவத்தை அந்த 70 சதுர மீட்டரின் நான்கு மடங்குக்கும் கூடுதலான பரப்பில் வரைந்தால், நடவு பிசகாமல் தொடரும்வரை, இன்னொரு மரம் அதற்குள் கட்டாயம் அகப்படும். இதை நிறுவியவர் கணிதவியலாளர் ஹெர்மன் மின்கோவ்ஸ்கி. எண்களைப் பற்றிய கேள்விகளைப் புள்ளிகளாகவும் வடிவங்களாகவும் மாற்றிப் பார்த்த அந்தக் கண்தான் பின்னாளில் இடமும் காலமும் ஒன்றாகப் பிணைந்த காலவெளியையும் கண்டது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

1864இல் கௌனாஸ் அருகே பிறந்த அவர், பதினெட்டு வயதிலேயே பாரிஸ் அறிவியல் கழகத்தின் பெரும்பரிசைப் பகிர்ந்துகொண்டார். சூரிச்சில் அவரிடம் படித்த ஐன்ஸ்டைன் 1905இல் சிறப்புச் சார்பியலை வெளியிட்டார். அதன் சமன்பாடுகளுக்குள் ஒரு வடிவியல் இருப்பதை ஆசிரியர் கண்டுகொண்டு, 1908 செப்டம்பர் 21 அன்று கொலோன் நகரில் அறிவித்தார்.

அம்மா மரம் சீவப் போன காலத்தில், விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, நிற்க வேண்டும். இடம் சரியாக இருந்து நேரம் தவறினாலும் அன்றைய கூலி இல்லை. இடமும் நேரமும் சேர்ந்த அத்தகைய ஒன்றை மின்கோவ்ஸ்கி உலகப்புள்ளி என்றார். ஒரு பொருளின் புள்ளிகள் கோத்த கோட்டை உலகக்கோடு என்றார். அம்மா திண்ணையில் அசையாமல் அமர்ந்திருந்த பிற்பகல்களிலும் அவருடைய கோடு காலத்திசையில் நீண்டுகொண்டுதான் இருந்தது.

என்னை இன்றும் வியக்க வைப்பது ஒரு கழித்தல் குறி. பிதாகரஸ் தேற்றத்தில் வர்க்கங்களைக் கூட்டுகிறோம். இங்கோ, இரு நிகழ்வுகளுக்கு இடைப்பட்ட நேரத்தில் ஒளி கடக்கும் தொலைவின் வர்க்கத்திலிருந்து அவற்றின் இடத்தொலைவின் வர்க்கத்தைக் கழிக்கிறோம். வெவ்வேறு சீரான வேகத்தில் செல்வோர் நேரத்தையும் தொலைவையும் வெவ்வேறாக அளந்தாலும், இந்த மீதி எல்லோருக்கும் ஒன்றே. அதனால், பிரிந்து சென்று மீண்டும் சந்திக்கும் இருவரில், வேகம் மாறாமல் நேராகச் சென்றவரின் கடிகாரமே கூடுதல் நேரம் காட்டும். சுற்றி வந்தவருக்குக் குறைவாகவே கழிந்திருக்கும்.

இந்த வடிவியலைத் தேவையற்ற புலமையாக முதலில் கருதிய ஐன்ஸ்டைன், 1915இல் பொதுச் சார்பியலை இதன்மீதே கட்டி முடித்தார். குடல்வால் அழற்சியால் 1909 ஜனவரி 12 அன்று, 44 வயதில் இறந்துவிட்ட ஆசிரியர் அதைப் பார்க்கவில்லை.