நடு முனையில் மாட்டியிருந்த ஒயர்

எங்கள் பேருந்து ஒரு காலத்தில் கல்லூரி மாணவர்களை ஏற்றிச் சென்ற வண்டி. 2006-ஆம் ஆண்டு அசோக் லேலண்ட். கல்லூரி அதைக் கழித்தபோது விலைக்கு வாங்கி, கரூரில் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் இருக்கைகளைக் கழற்றிவிட்டு, இரண்டு கட்டில், ஒரு சமையல் மேடை, இரண்டு மின்விசிறி, வரிசையாக எல்.இ.டி. விளக்குகள் என்று குடியிருக்கும்படி மாற்றிக்கொண்டோம். அந்த மாற்றத்தைப் பதிவுச் சான்றிதழில் ஏற்ற அலைந்த கதையை இன்னொரு நாள் எழுதுகிறேன். இன்று பேட்டரியைப் பற்றி மட்டும்.

டிசம்பர் கடைசியில் ஆழியாறு அருகே ஒரு தென்னந்தோப்பில் இரண்டு இரவுகள் தங்கியிருந்தோம். மூன்றாம் நாள் காலையில் சாவியைத் திருப்பியபோது இன்ஜின் சுற்றவில்லை. அடியிலிருந்து டக்டக்டக் என்று விரைவான சத்தம் மட்டும் வந்தது. ஒரே ஒரு 'டக்' கேட்டு அத்துடன் நின்றுவிட்டால், இன்ஜினைச் சுற்றிக் கிளப்பும் செல்ஃப் மோட்டார் மீது சந்தேகப்படலாம். விட்டுவிட்டுத் தொடர்ந்து கேட்டால், சோலினாய்டு (மோட்டாருக்குக் கரண்ட்டைத் திறந்துவிடும் காந்த சுவிட்ச்) இழுக்கிறது, மோட்டார் கரண்ட் கேட்டவுடன் வோல்டேஜ் சரிந்து சோலினாய்டு விட்டுவிடுகிறது, மறுபடி இழுக்கிறது என்று பெரும்பாலும் பொருள். குறை பேட்டரியில் இருக்கலாம், அல்லது அதிலிருந்து வரும் கேபிளில் இருக்கலாம்.

தோப்புக்காரர் அழைத்து வந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் சத்தத்தைக் கேட்டதும், "செல்ஃப் மோட்டார் போச்சுங்க சார், இறக்கிப் பாத்துரலாம்" என்றார். "இருங்கண்ணா, முதல்ல பேட்டரிய அளந்து பாத்துருவோம்" என்று மல்டிமீட்டரை எடுத்தேன். மோட்டாரை இறக்கினால் அரை நாள் போய்விடும். அளப்பதற்கு ஐந்து நிமிடம் போதும்.

இத்தகைய பேருந்துகளில் 24 வோல்ட் மின்னமைப்பு இருக்கும். 12 வோல்ட் பேட்டரிகள் இரண்டைத் தொடராக இணைத்திருப்பார்கள். ஒன்றின் நெகட்டிவ் வண்டியின் சட்டத்தில் எர்த் ஆகியிருக்கும். அதன் பாசிட்டிவிலிருந்து ஒரு பட்டை அடுத்த பேட்டரியின் நெகட்டிவுக்குப் போகும். எர்த் பக்கத்துப் பேட்டரியைக் கீழ் பேட்டரி என்றும், மற்றதை மேல் பேட்டரி என்றும் இங்கே சொல்லிக்கொள்கிறேன். இரண்டையும் சேர்த்து அளந்தபோது 24.5 வோல்ட் வந்தது. முழுதாகச் சார்ஜ் ஏறி ஓய்ந்திருக்கும் நிலையில் 25.2-க்குக் குறையாமல் இருக்க வேண்டும், ஆனால் 24.5 பார்வைக்கு அவ்வளவு மோசமான எண்ணும் அன்று. பலரும் இந்த இடத்திலேயே மீட்டரை மடித்து வைத்துவிட்டு மோட்டாரைப் பழி சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள்.

தனித்தனியாக அளந்தபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. மேல் பேட்டரி 12.8 காட்டியது, கீழ் பேட்டரி 11.7 காட்டியது. 12.2 என்றாலே பாதி காலி என்று கொள்வது வழக்கம், 11.7 என்பது ஏறத்தாழ முழுக்கக் காலி. மனைவியைச் சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு மறுபடி அளந்தேன். சாவி திரும்பிய கணத்தில் மேல் பேட்டரி 11-க்கு அருகில் நின்றது, கீழ் பேட்டரி 7-க்கும் கீழே இறங்கியது. கிளப்பும்போது ஒரு 12 வோல்ட் பேட்டரி 9.6-க்குக் கீழே போகக்கூடாது.

கேபிளையும் விட்டுவைக்கவில்லை. கீழ் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் இடையே மீட்டரை வைத்துக் கிளப்பிப் பார்த்தபோது 0.9 வோல்ட் அங்கேயே வீணாகிக்கொண்டிருந்தது. கிளாம்பைக் கழற்றினால், உள்ளே வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. வெந்நீரில் சமையல் சோடாவைக் கரைத்து ஊற்றியதும் நுரைத்துக் கரைந்தது. உப்புத்தாளால் தேய்த்து மாட்டிய பிறகு அந்த இழப்பு 0.2 ஆகக் குறைந்தது. வண்டி மட்டும் கிளம்பவில்லை.

தேங்காய் ஏற்ற வந்த லாரியும் 24 வோல்ட் வண்டிதான் என்பதால், ஜம்ப்பர் கேபிள் போட்டு அதிலிருந்து கிளப்பிக்கொண்டோம். (அதற்கு முன்பே தன் காரைக் கொண்டுவந்து நிறுத்திய நல்ல மனிதருக்கு 12 வோல்ட், 24 வோல்ட் வித்தியாசத்தை விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.) இன்ஜின் ஓடும்போது மறுபடி அளந்தேன். மொத்தம் 28 வோல்ட்; டைனமோ சரியாகத்தான் வேலை செய்தது. ஆனால் அந்த 28, மேல் பேட்டரிக்கு 14.9 என்றும் கீழ் பேட்டரிக்கு 13.1 என்றும் பிரிந்திருந்தது. ஒன்று கொதித்துக்கொண்டிருக்க, மற்றது பட்டினி கிடந்தது.

இன்ஜினை நிறுத்தி மூடிகளைத் திறந்தோம். மேல் பேட்டரியில் இரண்டு செல்களில் (உள்ளறைகளில்) தகட்டின் தலை தண்ணீருக்கு வெளியே தெரிந்தது. தண்ணீர் இருந்த செல்களில், ஆசிட்டின் செறிவை அளக்கும் ஹைட்ரோமீட்டர் 1.290 வரை காட்டியது; தண்ணீர் வற்றி ஆசிட் செறிந்துவிட்டதால் வந்த எண் அது, ஆரோக்கியத்தின் அடையாளம் அன்று. கீழ் பேட்டரியில் தண்ணீர் நிறைய இருந்தது. ஐந்து செல்கள் 1.130-ஐ ஒட்டியும் ஒரு செல் 1.080-ஆகவும் நின்றன; சார்ஜ் காலி என்று பொருள். இரண்டும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கியவை. வாங்கி 14 மாதம்தான் ஆகியிருந்தது.

எலக்ட்ரீஷியன் டார்ச்சை உள்ளே நீட்டிப் பார்த்துவிட்டு, "இது என்னங்க சார் சிவப்பு ஒயரு?" என்று கேட்டார். இரண்டு பேட்டரிகளையும் இணைக்கும் பட்டையின் போல்ட்டிலேயே, அதாவது நடு முனையிலேயே, ஃபியூஸ்கூட இல்லாமல், ஒரு மெல்லிய ஒயர் மாட்டப்பட்டு வீட்டுப் பகுதிக்குப் போயிருந்தது. விளக்கும் விசிறியும் 12 வோல்ட் என்பதால், பட்டறையில் கீழ் பேட்டரி ஒன்றிலிருந்து மட்டும் எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். இரவுக்கு 10 மணி நேரம், சுமார் 4 ஆம்பியர் என்று கணக்குப் போட்டால், இரண்டு இரவில் 80 ஆம்பியர்-ஹவர் போயிருக்கிறது; அதுவும் 120 ஆம்பியர்-ஹவர் கொண்ட ஒரே பேட்டரியிலிருந்து. டைனமோவோ மொத்த 24 வோல்ட்டை மட்டுமே பார்த்துச் சார்ஜ் ஏற்றும். ஒரே கரண்ட்தான் இரண்டிலும் பாய்கிறது என்பதால், கீழ் பேட்டரி நிரம்புவதற்கு நெடுநேரம் முன்பே மேல் பேட்டரி நிரம்பி, மிச்சச் சார்ஜ் அதன் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடுகிறது. இப்படி 14 மாதம் நடந்ததில், கீழ் பேட்டரியின் தகடுகளில், சார்ஜ் குறைந்தே கிடந்தால் படியும் சல்ஃபேட் இறுகிவிட்டது. மேல் பேட்டரியின் தகடுகள் அரித்துப் போயின.

பொள்ளாச்சிக் கடைக்காரர், மேல் பேட்டரி நன்றாக இருப்பதாகவும் ஒன்றை மட்டும் மாற்றினால் போதும் என்றும் சொன்னார். பணம் மிச்சம் என்று நானும் ஒரு நிமிடம் யோசித்தேன். பழையதையும் புதியதையும் தொடரில் போட்டால், நாங்கள் எந்த ஏற்றத்தாழ்வைக் கண்டுபிடித்தோமோ அதையே காசு கொடுத்து மறுபடி வாங்குவதாகும். ஒரே மாடலில், ஒரே மாதம் தயாரான இரண்டை வாங்கினேன். பழைய இரண்டையும் ஈயத்துக்காகக் கடையிலேயே எடுத்துக்கொண்டு விலையில் கழித்தார்கள். இன்வெர்ட்டருக்குப் போடும் டியூபுலர் பேட்டரி நீண்ட நாள் உழைக்கும் என்று அங்கே ஒருவர் யோசனை சொன்னார். அது மெதுவாக நெடுநேரம் கரண்ட் கொடுப்பதற்கான தடித்த தகடு. சில நொடிகளில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் கேட்கும் செல்ஃபுக்கு மெல்லிய தகடுகள் நெருக்கமாக அடுக்கிய பேட்டரிதான் வேண்டும்.

கழற்றும்போது எர்த் ஆகும் நெகட்டிவை முதலில் எடுக்க வேண்டும். பாசிட்டிவை முதலில் தொட்டால், ஸ்பேனரின் மறுமுனை சட்டத்தில் பட்ட கணமே வெல்டிங் அடித்தது போல் தீப்பொறி பறக்கும்; சார்ஜ் ஏறிய பேட்டரியைச் சுற்றி ஹைட்ரஜன் வாயு இருக்கும் என்பதால் அது விளையாட்டு அன்று. மாட்டும்போது அதே நெகட்டிவ் கடைசி. முனைகளில் வாஸ்லின் தடவி, ஆட்டம் கொடுக்காதபடி கிளாம்ப் போட்டு இறுக்கினோம்.

அந்தச் சிவப்பு ஒயரைப் பிடுங்கிவிட்டு, 24 வோல்ட்டை 12 ஆக மாற்றும் 20 ஆம்பியர் கன்வெர்ட்டர் ஒன்றை ஃபியூஸுடன் வைத்து, இரண்டு பேட்டரியும் சமமாகச் சுமக்கும்படி செய்தோம். இரவில் அதுவும் கூடாது என்று, அடுத்த மாதம் வீட்டுப் பகுதிக்குக் கூரை மேல் சோலார் தகடும் தனியாக ஒரு டியூபுலர் பேட்டரியும் போட்டேன். கடையில் யோசனை சொன்னவரின் பேட்டரிக்கும் வண்டியில் ஓர் இடம் கிடைத்துவிட்டது. பிப்ரவரியில் ஓடும்போது அளந்ததில் மேல் 14.0, கீழ் 13.9. நடு முனையின் மேல் பழைய சைக்கிள் டியூபை வெட்டி மாட்டி, "இங்கே எதையும் மாட்டாதே" என்று பெயின்ட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.