நாலரை மணிப் பாட்டு

ஜனவரி 19, 2025

மாலை ஐந்தானால் அம்மா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவருகே வந்து நிற்கிறார். "நேரமாகிவிட்டது, வீட்டுக்குப் போக வேண்டும்." பினாங்கின் ஆயர் ஈத்தாமில் இந்த அடுக்குமாடி வீட்டுக்கு நாங்கள் குடிவந்து முப்பது ஆண்டுக்கு மேலாகிறது. இதுதான் வீடு என்று சொன்னால் சண்டை.

அல்சைமர் உள்ளவர்களுக்கு அந்தி வேளையில் தவிப்பு கூடுவது வழக்கம்தானாம். மருத்துவமனைத் தாதி ஒரு வழி சொன்னார். தவிப்பு தொடங்கிய பிறகு பாட்டுப் போட்டுப் பயனில்லை, அதற்கு அரை மணி நேரம் முன்பே போட்டுவிட வேண்டும். லிண்டா கெர்ட்னர் என்ற அமெரிக்கத் தாதியியல் ஆய்வாளர் வகுத்த முறை அது. 'மன அமைதி இசை' என்று விற்கிறார்களே, அதெல்லாம் வேண்டாம். அம்மா பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடையில் விரும்பிக் கேட்டது எதுவோ அதைத் தேடுங்கள் என்றார். நினைவில் ஆழப் பதிவது அந்தப் பருவம்தானாம்.

அம்மா 1943இல் பிறந்தவர். அப்படியானால் 1953 முதல் 1973 வரை.

ஜனவரி 22

தம்பி கோலாலம்பூரிலிருந்து பெரிய பட்டியல் அனுப்பியிருக்கிறான். பாதிக்கு மேல் இளையராஜா. "இளையராஜாவைப் பிடிக்காத தமிழர் உண்டா அக்கா?" இல்லைதான். ஆனால் அவர் திரையிசைக்கு வந்தது 1976இல். அப்போது அம்மாவுக்கு முப்பத்து மூன்று வயது, இடுப்பில் இவன், முந்தானையைப் பிடித்துக்கொண்டு நான். பாட்டுக் கேட்க அவருக்கு நேரம் ஏது? இவன் அனுப்பியது இவனுடைய பள்ளிப் பருவத்தை. டி.எம்.எஸ்., சுசீலா, சீர்காழி, கே.பி. சுந்தராம்பாள் ஆகியோரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நீக்கினேன்.

யூடியூப் சரிப்படவில்லை. பாட்டுக்கு நடுவே ஒரு விளம்பரக் குரல், "உங்கள் வீட்டில் கரையான் தொல்லையா?" என்று கேட்டது. அம்மா மரியாதையாக, "இல்லை தம்பி, வேண்டாம்" என்று சொல்லிவிட்டு அவரை வழியனுப்பக் கதவு வரை போய்விட்டார். இனி பென்டிரைவ்தான்.

ஜனவரி 27

பட்டியலில் டி.எம்.எஸ். பாடிய தத்துவப் பாட்டு ஒன்று இருந்தது. அருமையான பாட்டு, ஆண்டும் பொருந்துகிறது. இரண்டு அடி ஓடியதும் அம்மா எழுந்துவிட்டார். "யார் போய்விட்டார்கள்?"

பிறகுதான் புரிந்தது. இங்கே சாவு வீடுகளில் கூடாரம் போட்டதும் ஒலிபெருக்கியில் போடுவது அந்த வகைப் பாட்டுகளைத்தானே. அம்மா அலமாரியைத் திறந்து வெளிர்நிறப் புடவையைத் தேடத் தொடங்கினார். "சும்மா உட்கார்ந்திருக்கிறாயே, போய் முகம் கழுவிக்கொள். அங்கே கோப்பி ஆற்ற ஆள் இருக்காது" என்று எனக்கும் ஓர் அதட்டல். யாரும் போகவில்லை என்று சொன்னபோது, நான் மறைக்கிறேன் என்றே நினைத்தார். இரவு சாப்பாடு வரைக்கும் துக்கம் விசாரித்துக்கொண்டே இருந்தார்.

காலமும் குரலும் பொருந்தினால் மட்டும் போதாது. அந்தப் பாட்டு எந்த வாசலில் ஒலித்தது என்றும் பார்க்க வேண்டும். தத்துவம் அத்தனையும் பட்டியலிலிருந்து வெளியே.

பிப்ரவரி 3

குளியல் எளிதாகியிருக்கிறது. தண்ணீர் மேலே பட்டாலே கையை உதறி அலறுவார். சுசீலாவைக் குளியலறை வாசலில் வைத்தோம். பிளாஸ்டிக் முக்காலியின் விளிம்பில் அம்மாவின் ஆள்காட்டி விரல் தாளம் போடுகிறது. மோதிரம் போட்டிருந்த விரல் மட்டும் மடங்கியே இருக்கிறது. சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்பும் இடத்தில் அவரே தலையைக் குனிகிறார். அந்தக் கணத்தில் நீர் ஊற்ற வேண்டும். எங்கள் வீட்டு உதவியாள் இந்தோனேசியாவின் மேடானிலிருந்து வந்த பெண், தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் எந்த இடத்தில் ஊற்றுவது என்று என்னைவிடத் துல்லியமாகக் கற்றுக்கொண்டுவிட்டாள்.

பிப்ரவரி 11

தைப்பூசம். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு அழைத்துப் போனால் பழைய நினைவெல்லாம் வந்துவிடும் என்று உறவினர் ஆளாளுக்குத் தொலைபேசியில். அந்தக் கூட்டமும், பந்தலுக்குப் பந்தல் போட்டி போடும் ஒலிபெருக்கியும் எனக்கே தாங்காது. போகவில்லை. சித்தி வந்து, எந்தக் கருவியும் இல்லாமல் காவடிச் சிந்து பாடினார். சுருதி கொஞ்சம் தள்ளாடியது. அம்மாவுக்கு அது பொருட்டே இல்லை. சித்தி "வேல் வேல்" என்றதும் "வெற்றிவேல்" என்று பதில் வந்தது, தயங்காமல், பழைய கட்டளைக் குரலில்.

பிப்ரவரி 20

இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. உதவியாள் தரை துடைத்துக்கொண்டே மலாய்த் திரைப் பாடகர் பி. ரம்லியின் பாட்டு ஒன்றை முணுமுணுத்தாள். அம்மா அடுத்த அடியைப் பாடினார். மலாயில், சொல் பிசகாமல். அதற்கடுத்த அடியையும்.

ரம்லி 1929இல் இதே பினாங்கில் பிறந்தவர். அம்மா வளர்ந்தது டத்தோ கிராமாட் சாலையில், மலாய்க் குடும்பங்களுக்கு நடுவே. அண்டை வீட்டு ரெடிஃபியூஷன் என்ற கம்பிவழி வானொலிப் பெட்டியில் கேட்டிருப்பார், தோழிகளோடு படம் பார்த்திருப்பார். எங்களிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. வீட்டில் தமிழ்ப் பாட்டு மட்டும்தான் என்று சட்டம் போட்டவர் அப்பா.

எதிர்வீட்டுச் சீன மூதாட்டி தன் இரும்புக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டார். மூன்றாவது பாட்டுக்கு அவரும் சேர்ந்துகொண்டார். இன்று ஐந்தரை வரை கைப்பை ஆணியிலேயே தொங்கியது.

மார்ச் 2

மாமா வந்திருந்தார். "பாட்டுப் பாடுகிறாளே, சீக்கிரம் குணமாகிவிடுவாள்" என்று எனக்கு ஆறுதல். அவரிடம் வாதாடவில்லை, இங்கே எழுதி வைக்கிறேன். நெடுநாள் பழகிய இசையை அடையாளம் காணும் மூளைப் பகுதிகள் இந்த நோயில் மற்றவற்றைவிடத் தாமதமாகவே சிதைகின்றன என்று 2015இல் ஓர் ஆய்வு காட்டியது. அதனால்தான் பேரன் பெயர் மறந்துபோன பிறகும் சரணம் நிற்கிறது. ஆனால் 2018இல் பல சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரன் ஆய்வு, இசை மனச்சோர்வையும் நடத்தைச் சிக்கல்களையும் குறைக்கக்கூடும், நினைவாற்றலைப் பெரிதாக மீட்பதில்லை என்றே சொல்கிறது. தவிப்பிலும் பெரிய மாற்றம் தெரியவில்லையாம். அது பலருடைய சராசரி. எங்கள் வீட்டிலும் சில நாள் நாலரைக்குப் போட்டும் ஐந்துக்குக் கைப்பை தோளுக்கு ஏறத்தான் செய்கிறது. அன்றைக்கு நானும் செருப்பு மாட்டிக்கொண்டு மின்தூக்கி வரை கூடவே நடக்கிறேன்.

மார்ச் 8

ஈப்போவில் ஒரு கல்யாணம். நான் திரும்பும் வரை தம்பி பார்த்துக்கொள்வான். குளிர்பதனப் பெட்டியில் எழுதி ஒட்டினேன்: தொலைக்காட்சியை அணைத்துவிட்டுப் போடு. பேச்சுக் குரல் அளவுக்கு மேல் வேண்டாம். அரை மணி போதும், நாள் முழுக்க ஓடினால் அது இரைச்சல். காதொலிப்பான் வேண்டாம், பிடுங்கி எறிவார்.

ஒட்டிய காகிதத்தின் பசை காய்வதற்குள், "இதைப் பாடியது யார் சொல்லுங்கள் அம்மா?" என்று கேட்டுவிட்டான். அதுவரை பாடிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டு, பரீட்சையில் மாட்டிய பிள்ளையாக என்னைப் பார்த்தார். காகிதத்தில் இன்னொரு வரி சேர்த்தேன்: கேள்வி கேட்காதே, கூடப் பாடு.

"இளையராஜா ஒன்றே ஒன்று?" என்றான்.

"காலையில் உனக்காகப் போட்டுக்கொள். நாலரைக்கு ரம்லி."